கூண்டுக்குள் என் சேலை

எங்கள் வீட்டில் மாடி எனக்கு, கீழ்வீடு என் ஓரகத்திக்கு. என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி அவள். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. எனக்கு அவள்மேல் உள்ள முதல் குறையே அதுதான். ஒரே பிச்சிக்கொடியை வெட்டி ஆளுக்கு ஒன்றாகப் பதியன் வைத்தோம். அவளுடையது மாடிப்படிக் கம்பியைப் பிடித்து ஏறி என் வாசலில் வந்து பூக்கிறது. என்னுடையது தொட்டியை விட்டுத் தலை தூக்கவில்லை. என்னைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள்கூடக் கீழ்வீட்டில் உட்கார்ந்து, காப்பி குடித்து, கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் மேலே ஏறுவார்கள். நான் போட்டுக் கொடுக்கும் காப்பியை, "இப்பத்தான் கீள குடிச்சோம்" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது.

என் மகன் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றைப் பிள்ளை. அங்கே ஒரு நாய் வளர்த்தான். ஆபீசில் அவனை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்று முடிவானதும், நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து சாத்தூரில் எங்கள் மாடியில் இறக்கினான். கூடவே ஒரு கம்பிக் கூண்டு, அதற்குள் போடுகிற மெத்தை, சாப்பாட்டுத் தட்டு. எங்கள் பக்கம் நாய் என்றால் சிப்பிப்பாறை, ராஜபாளையம். காட்டில் முயலை விரட்டும், வாசலில் வேற்று ஆள் கால் வைத்தால் தெருவைக் கூட்டிவிடும். இது காது தொங்கிப்போய், குட்டைக் காலோடு, பால்காரரைக் கண்டால்கூட என் வீட்டுக்காரரின் வேட்டிக்குப் பின்னால் ஒளிகிற நாய். மகன் அதற்கு வைத்திருந்தது ஒரு பிஸ்கட்டின் பெயர். என் வாயில் நுழையாததால் நான் "ஏய்" என்றே கூப்பிட்டேன்.

"கூண்டுக்குள்ளதாம்மா படுக்கும். அது அதுக்கு வீடு மாதிரி. உள்ள விட்டுச் சாத்துனா விடியந்தண்டியும் சத்தமே இருக்காது" என்றான் மகன்.

அவன் கிளம்பிப் போன நாள் ஆடி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். மேளத்தோடு வந்த ஒரு கூட்டத்துக்கு எதிர்வீட்டுக்காரர் ஒரு பெரிய சரவெடியைக் கொளுத்திப் போட்டார். எங்கள் ஊரில் வெடி போடக் காரணம் தேட வேண்டியதில்லை. பிறந்தாலும் வெடி, செத்தாலும் வெடி, பழைய பைக் வாங்கினாலும் வெடி. சரம் வெடித்து ஓய நேரமானது. புகை மாடி ஏறி வந்து வீட்டுக்குள் நின்றுவிட்டது. பிறகு தேடிப் பார்த்தால் நாய் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூத்திரத்தில் நனைந்து நடுங்கிக் கிடந்தது. "புது எடம்ல, பளகிரும்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். துடைத்துவிட்டுவிட்டு அதை மறந்துபோனோம்.

அன்று இரவிலிருந்து தொடங்கியது. கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரம் முனகும், பிறகு கம்பியைப் பிறாண்டும், பிறகு அழும். காலையில் மெத்தை ஈரமாகக் கிடக்கும். மெத்தையைத் துவைத்துப் போட்டால் மறுநாளும் ஈரம். பெங்களூரில் சத்தமில்லாமல் தூங்கிய நாய் சாத்தூரில் ஏன் இப்படிச் செய்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை.

நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறவள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே யூனிட். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் கொண்டுவந்து விடும். அதனால் பகலில் நாய் கீழ்வீட்டில். என் ஓரகத்தி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். மிஷினுக்கு அடியில், அவள் கால் மிதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டுத் துணிகளின் மேல் நாய் படுத்துக்கொள்ளும். அவள் மிதிக்க மிதிக்க அது குறட்டை விடும். நான் இல்லாத வீட்டில் அது இப்படி நிம்மதியாக இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் வேன் என்னை இறக்கிவிடும்போது அது அவள் மிஷினுக்கு அடியில் இன்னும் உள்ளே போய்விடும். "ஏய், வா" என்பேன். வராது. அவள் குனிந்து, "போ, பெரியம்மா வந்துட்டாகள்ல" என்று ஒரு சொல் சொல்வாள். உடனே வயிறு தரையில் உரசுகிற மாதிரி பதுங்கிப் பதுங்கி வரும். காது பின்னால் போய் ஒட்டியிருக்கும், கண் என்னைப் பார்க்காது. சோறு போடுகிறவள் நான், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறவள் நான், விடியற்காலையில் மூத்திர மெத்தையை அலசுகிறவள் நான். வால் மட்டும் அவளுக்கு ஆடுகிறது. அவளைக் கண்டால் முதுகு முழுக்க ஆடும்.

இதில் மகன் வேறு. வீடியோ காலில் வந்ததும், "எங்கம்மா அது, காட்டு" என்பான். நான் போனைத் திருப்பி நாயைக் காட்டுவேன். அவன் கொஞ்சுகிற கொஞ்சல் அங்கிருந்து இங்கே கேட்கும். போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் கை மட்டும்தான் அவனுக்குத் தெரியும். கடைசியில், "நீ சாப்பிட்டியாம்மா" என்று ஒரு வார்த்தை. நாய்மேல் எனக்குப் பொறாமை வந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது. அவனுக்கு அது வேண்டியிருந்தது, அதற்கு ஓரகத்தி வேண்டியிருந்தாள், இந்த வரிசையில் எனக்கு இடமே இல்லை.

விருதுநகரில் ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை, பயத்தில் போகிறது என்றார். கூண்டைத் தண்டனையாக நினைக்க விடக் கூடாது, கதவைத் திறந்தே வைத்துச் சாப்பாட்டை அதற்குள் கொடுக்க வேண்டும், தானாகப் போய்ப் படுக்கிற வரைக்கும் சாத்தக் கூடாது, சாத்தினாலும் முதலில் கொஞ்ச நேரம்தான், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரைக் குறைக்கச் சொன்னார், படுக்கப் போகுமுன் ஒரு நடை வெளியே கூட்டிப்போகச் சொன்னார். நனைத்துவிட்டால் திட்டவே கூடாது என்பதை மட்டும் என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். என் முகம் அப்படி.

எல்லாம் செய்தேன். கூண்டின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். சோற்றை உள்ளே வைத்தால் முன்னங்காலை மட்டும் உள்ளே வைத்து, பின்னங்காலை வெளியே ஊன்றி, கழுத்தை நீட்டித் தின்றுவிட்டு ஓடிவிடும். ஒரு நாள் பார்க்கிறேன், கூண்டின் மூலையில் ஒரு நீலத் துணி. ஓரகத்தியின் வெட்டுத் துணி. அதுவே வாயில் கவ்விக்கொண்டு வந்து வைத்திருக்கிறது. அன்று இரவு அது அழவில்லை, மெத்தையும் நனையவில்லை. விவரம் உள்ள எவளும் அந்தத் துணியை அங்கேயே விட்டிருப்பாள். நான் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகன் போனில், "உன் வாசன உள்ள துணி ஒண்ண உள்ள போட்டு வையும்மா. பக்கத்துல ஆள் இருக்குன்னு அது நெனச்சுக்கிரும்" என்றான்.

என் வாசனை. அது எது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் வேனைவிட்டு இறங்கியதும் ஓடிவந்து என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். "அம்மா, உன் மேல தீவாளி வாசம் அடிக்கி" என்பான். குளித்துவிட்டு வருகிறேன் என்றாலும் விட மாட்டான். பட்டாசுக்குள் அடைக்கிற கலவையை நாங்கள் மருந்து என்போம். அந்த மருந்தும் கந்தகமும், வெள்ளிப் பொடி என்று நாங்கள் சொல்கிற அலுமினியத் தூளும் சேலை நூலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கம்பெனிக்குப் பருத்திச் சேலைதான் கட்டிப்போக வேண்டும், நைலான் உரசினால் ஆபத்து என்று விட மாட்டார்கள். அந்தப் பருத்தியில் ஏறினது இறங்காது. மருந்து வாசம் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாசம் இருப்பதே தெரியாது. எனக்கு அது என் பிள்ளை முகம் புதைத்த வாசம், அவ்வளவுதான்.

ஆகவே துவைத்த சேலையை விட்டுவிட்டு, அன்றைக்குக் கட்டி அவிழ்த்த கம்பெனிச் சேலையையே நான்காக மடித்துக் கூண்டுக்குள் மெத்தையின் மேல் போட்டேன். வாசனை குறைந்துவிடக் கூடாது பாருங்கள். இனி அது என்னைத்தான் மோந்துகொண்டு தூங்க வேண்டும், கீழ்வீட்டுக்காரியை அல்ல என்ற எண்ணம் எனக்கு இனித்தது.

காலையில் சேலை தெப்பமாக நனைந்திருந்தது.

மறுநாள் வேறு சேலை. அதுவும் அப்படியே. முன்பு எப்போதாவது ஒரு நாள் நனைக்காமல் இருந்த நாய் இப்போது ஒரு நாள் தவறாமல் நனைத்தது. கூண்டுக்குள்ளேயே சேலையிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். படுக்கவே படுக்காது. நான் விடவில்லை. சீசன் உச்சத்தில் இருந்த நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது, லோடு போய்க்கொண்டே இருந்தது, சேலையில் பொடியும் அதற்கு ஏற்றாற்போல. கொண்டுவந்து கொண்டுவந்து போட்டேன். என் சேலையில்தான் போகிறது, அவள் துணியில் போகவில்லை, வேண்டுமென்றே செய்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு நாய் என்னை அவமானப்படுத்துவதாக நான் சத்தியமாக நம்பினேன்.

ஓரகத்தி ஒரு நாள் படியேறி வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, நீங்களும் தூக்கமில்லாம எம்புட்டு நாளைக்குக் கெடப்பீக. கொஞ்ச நாளு கீள படுக்கட்டுமே. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"ஏன், பகலெல்லாம் வச்சிருக்கது பத்தலையாக்கும்" என்றேன்.

அவள் இறங்கிப் போனாள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்தக் குணமும் அவளிடம் கிடையாது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கம்பெனியில் கடைசி லோடு ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. மாடியில் கூண்டு இல்லை. கீழே ஓடினேன். அவளுடைய உள்ளறையில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, மிக்சியும் டிவியும் ஃபேனும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் மடியில் முகத்தைச் செருகிக்கொண்டிருந்தது. அவள் அதன் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். பலகாரம் செய்ய வேண்டிய நாளில் அடுப்பே பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய இடம். நான் சொல்லவில்லை. அவள் கை இருந்த இடத்தில் என் கை இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. என்னைக் கண்டதும் நாய் தலையைத் தூக்கி, மறுபடியும் அவள் இடுப்புக்குள் புதைத்துக்கொண்டது.

தீபாவளி முடிந்த மறுநாளே கூண்டை நானே மேலே தூக்கிக்கொண்டு வந்தேன். படியில் முழங்கால் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். என் வீட்டுக்காரருக்கு அன்றுதான் கோபம் வந்தது.

"இந்தா, ஒண்ணு சொல்லுறேன் கேளு. உனக்கும் அவளுக்கும் நடுவுல அந்த வாயில்லா சீவன் கெடந்து சாகுது. கம்பெனி மறுபடி தொறக்கறதுக்குள்ள இது மேல பளகுச்சா, உன்கூட இருக்கட்டும். இல்லையா, கூண்டோட கீள எறக்கி விட்டுருவேன். பெறகு அவ நாயி அது."

மகன் என்னிடம் விட்டுப் போனது அது ஒன்றுதான். அதையும் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வீடியோ காலில் அவன் முதலில் அவளைக் கூப்பிடுவதை நான் மேலே நின்று கேட்க வேண்டும். முடியாது. "சரி" என்றேன்.

தீபாவளி ஆனதும் எங்கள் கம்பெனிகளை மூடிவிடுவார்கள். பூஜை போட்டு மறுபடி திறக்கும் வரைக்கும் எங்களுக்கு வீடுதான். கம்பெனிச் சேலைகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டேன். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு நாள் விட்டு நாள் தலை முழுகினேன். கூண்டுக்குள் போடக் கம்பெனிச் சேலை கைவசம் இல்லாததால், வீட்டில் கட்டுகிற ஒரு பழைய சேலையைக் கிழித்துப் போட்டேன். டாக்டர் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை நாளெல்லாம் நான் வீட்டில் இருந்தேன்.

ஒரு நாள் சோறு தின்னும்போது பின்னங்காலும் கூண்டுக்குள் போனது. ஒரு மத்தியானம் தானாக உள்ளே போய்ச் சுருண்டது. கதவைச் சாத்தினேன், பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்தேன், அழவில்லை. பிறகு இரவில் சாத்தினேன். முனகியது, நான் கம்பிக்குள் விரலை விட்டேன், நக்கிவிட்டுத் தூங்கியது. காலையில் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அடுத்த நாளும் காய்ந்திருந்தது. சமையல்கட்டுக்குப் போனால் பின்னால் வந்தது, மொட்டைமாடிக்குப் போனால் பின்னால் வந்தது. நான் உட்கார்ந்தால் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. அந்தக் கனம் எவ்வளவு சின்னது. அதற்காக நான் கால் மரத்துப்போனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கீழே போய் வேண்டுமென்றே சொன்னேன். "மேல நல்லாப் படுக்குது இப்ப. நம்ம கூட இருந்து பாத்தாத்தான எதுவும் பளகும்." அவள், "ரொம்ப சந்தோசம்க்கா" என்றாள். மகனிடம் அதைவிடப் பெரிதாகச் சொன்னேன். என்னுடைய பொறுமைதான் காரணம் என்று தெருவில் கீரைக்காரம்மா வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

கம்பெனி திறக்கப் போகிற வாரம், பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். துவைப்பதற்கு முன்னால் சேலைகளைக் கொஞ்சம் காற்றாட விடலாம் என்று மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டேன். நாய் என் காலைச் சுற்றிக்கொண்டே வந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததும் நின்றது. காது பின்னால் போனது. வயிறு தரையில் உரச, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் போய் முட்டியது. அங்கேயே மூத்திரம் ஒழுகியது. அதன் கண் என்மேல் இல்லை, கொடியில் ஆடிய சேலைகளின் மேல் இருந்தது. அந்தச் சேலைகளுக்குள் நான் இல்லை.

நான் ஒரு சேலையைக் கொடியிலிருந்து இழுத்து மூக்கில் வைத்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இதுல என்ன வாசம் அடிக்கி?" என்றேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் அடிக்கலையே, சேல வாசம்தான்" என்றார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். ஆடி வெள்ளியன்று கட்டிலுக்கு அடியில் கிடந்த நாயும், வீட்டுக்குள் நின்ற புகையும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. அன்றைக்கு அதைக் கொல்ல வந்த புகையின் வாசத்தோடு தினமும் சாயங்காலம் நான் வேனிலிருந்து இறங்கியிருக்கிறேன். தினமும் இரவில் அந்த வாசத்தை நான்காக மடித்து, அதன் படுக்கையில் போட்டு, கதவையும் சாத்தியிருக்கிறேன். என்னை மோந்து தூங்கு என்று.

தொட்டியடியில் உட்கார்ந்து நாயைத் துடைத்தேன். என்னை அதற்குப் பிடிக்காமல் இல்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதி சொல்லி முடியாது. ஆனால் என் மகன் முகம் புதைத்த வாசத்துக்கு இன்னொரு உயிர் இப்படி நடுங்குகிறது என்பதும் நெஞ்சில் இடித்தது. வேலையை விட முடியாது. கம்பெனிக்குப் போனால் அந்த வாசத்தோடுதான் வர முடியும். மாடியில் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தில் கூண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைத் தாண்டாமல் குளிக்க இந்த வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மாடிப்படிக்கு அடியில், வெளியிலிருந்து கதவு வைத்த குளியலறை. கீழ்வீட்டுக்குச் சேர்ந்தது.

அவளிடம் போய்க் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்று தடவை படியிறங்கி, பிச்சிப்பூப் பறிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு மேலே ஏறினேன். கடைசியில் அவள் மிஷினுக்கு எதிரே நின்று, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேலை, சரவெடி, குப்பையில் போட்ட நீலத் துணி வரைக்கும். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஐயோ பாவம், அதுக்குச் சொல்லத் தெரியலையேக்கா" என்றாள். பிறகு, "பாத்ரூம் சாவி அங்கன ஆணியிலதான் தொங்கும். வேன் வாரதுக்கு முன்னாடி நான் இதைய மேல கொண்டு விட்டுட்டு, வெந்நி போட்டு வைக்கேன். மாத்துச் சேலைய மட்டும் காலையில வச்சிட்டுப் போங்க" என்றாள்.

"சேலையத் தொவைக்க?"

"மூடி போட்ட வாளி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள முக்கி வச்சிருங்க."

அவ்வளவுதான். இதற்குத்தான் நான் இரண்டு நாள் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கம்பெனி திறந்த அன்று சாயங்காலம் படிக்கு அடியில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. துண்டு மடித்து வைத்திருந்தாள், சீயக்காய் கிண்ணத்தில் இருந்தது, அவள் சோப்பு இருந்தது. கம்பெனிச் சேலையை வாளிக்குள் முக்கி மூடிவிட்டு, தலையோடு தேய்த்துக் குளித்து, மாற்றுச் சேலை கட்டி, ஈரத் தலையோடு படியேறினேன். கதவைத் திறந்ததும் நாய் ஓடி வந்தது. முதுகு முழுக்க ஆடியது. என் கையை மோந்தது, முழங்கையை மோந்தது, துள்ளியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அடுத்த நிமிஷமே என் கையை நானே மோந்து பார்த்தேன். அவள் சோப்பு வாசம். மிஷினுக்கு அடியில் அது குறட்டை விடுகிற வாசம். இந்த வால் எனக்கு ஆடுகிறதா, அவளுக்கா?

அன்று இரவு கூண்டுக்குள் அது கால் நீட்டித் தூங்கியது, நனைக்கவில்லை. நான்தான் தூங்கவில்லை.

மறுநாள் என் சோப்பை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் அந்த டப்பாவைப் பார்த்தாள், என்ன என்று கேட்கவில்லை. மாலையில் என் சோப்பிலேயே குளித்துவிட்டு மேலே போனேன். நாய் வந்தது, மோந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு என் பாதத்தின் மேல் தாடையை வைத்துவிட்டது. அன்றைக்கு நான் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் அதைச் சாப்பிட்டுவிட்டு, "சரி, கூண்டு மேலயே இருக்கட்டும்" என்றார்.

அப்படியே நாட்கள் போயின. வேன் ஹாரன் தெருமுனையில் கேட்டால், அவள் கூட்டிக்கொண்டு வர வேண்டிய தேவை இல்லாமல், நாயே மாடிக்கு ஓடத் தொடங்கியது. இதை எனக்குச் சொன்னவளும் அவள்தான். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது, கையில் கத்தரிக்கோலோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆரன் சத்தம் கேட்டாப் போதும்க்கா. என்னையத் திரும்பிக்கூடப் பாக்காம மேல ஓடிருது" என்றாள். சிரித்தாள். வாய்தான் சிரித்தது. கண் படிகளின் மேல் இருந்தது.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு வருஷமாக நான் கண்ணாடியில் பார்த்து வருகிற முகம் அது. அவளுக்கும் அது வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, சந்தோஷமாக இருந்தது. படியேறும்போது பாதிப் படி வரைக்கும் சந்தோஷமாக இருந்தது. அதற்குமேல் அவள் எனக்காகப் போட்டுவைத்த வெந்நீர் என் முதுகில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மாற்றுச் சேலையைக் கொண்டுபோய் அவள் குளியலறையில் வைத்தேன். தினமும் கூடக் கொண்டுபோகிற சோப்பு டப்பாவை மட்டும் மேலேயே வைத்துவிட்டேன், அங்கே அவள் சோப்பு இருக்கிறது.